கல்லறைக் கத்தி யாருக்குச் சொந்தம்?

சென்னை எழும்பூர் மியூசியத்தில் நீலகிரியிலிருந்து வந்த பழைய இரும்புக் கருவிகள் இருக்கின்றன. கத்திகள், ஈட்டி முனைகள், அரிவாள்கள் எல்லாம் துருப் பிடித்தவை. கடையில் போட்டால் காலணாவுக்கும் போகாது. ஆனால், அந்தக் கத்திகளின் கதை பெரிது!

மலை உச்சியில் கல்வட்டம்

நீலகிரியின் உயரமான மேடுகளில் வட்டமாக அடுக்கிய கற்குவியல்கள் உண்டு. அவை பழங்காலக் கல்லறைகள். இறந்தவரை எரித்து, எலும்பையும் சாம்பலையும் தாழியில் இட்டுப் புதைத்தார்கள். தாழி மூடியின் மேல் எருமை, யானை போன்ற மண் உருவங்களை வைத்தார்கள். பக்கத்தில் கத்தியையும் வைத்தார்கள். அதுதான் கத்தியின் முதல் சொந்தக்காரர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

கலெக்டர் அல்ல, கமிஷனர்

1868-ல் நீலகிரிக்குத் தனிக் கமிஷனர் பதவி ஏற்பட்டது. முதல் கமிஷனர் பிரீக்ஸ் என்ற வெள்ளைக்காரர். மலைமக்களின் ஆயுதங்கள், நகைகள், கல்லறைப் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும்படி 1871-ல் கல்கத்தா மியூசியம் கேட்டது. பிரீக்ஸ் பல கல்லறைகளைத் தோண்டினார்.

1872-ல் அவர் ஊட்டியில் இறந்து போனார். அவர் எழுதி வைத்ததை மனைவி ஒழுங்குபடுத்தினார். 1873-ல் லண்டனில் புத்தகமாக வந்தது.

பொருள்கள் பிரிந்தன. ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அழகிய வெண்கலக் கிண்ணமும் அங்கேதான். சென்னைக்கு வந்தவற்றை புரூஸ் புட் என்ற அறிஞர் 1901-ல் பட்டியல் போட்டார்.

யாரைக் கேட்பது?

பட்டியலில் தோண்டியவர் பெயர் இருக்கிறது. புதைத்தவர் பெயர் இல்லை. தோடரின் முன்னோர்தான் புதைத்தார்கள் என்று பிரீக்ஸ் நினைத்தார். மற்றவர்கள் மறுத்தார்கள். இரும்பு அடிப்பதில் பேர் போனவர்கள் கோத்தர்கள். தோடருக்கும் படகருக்கும் கத்தியும் அரிவாளும் அடித்துக் கொடுத்தவர்கள் அவர்களே. ஆனாலும் கல்லறைக் கத்தியை அவர்கள் முன்னோர்தான் அடித்தார்கள் என்று சொல்லச் சான்று இல்லை.

ஆகவே, இன்று கத்தி அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. நாம் எல்லோரும் அதற்குக் காவலர்கள்.

உங்கள் மண்வெட்டியில் பட்டால்?

தேயிலைத் தோட்டத்தில் குழி வெட்டும்போது உங்களுக்கும் ஒரு பழம்பொருள் கிடைக்கலாம். எடுத்துக் கழுவாதீர்கள். பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள். மண்ணில் கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இது 1878-ம் ஆண்டுச் சட்டம். அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரச் சட்டத்தில் இடம் உண்டு.

கிடைத்த இடத்தையும் தேதியையும் மறக்காமல் குறித்து வையுங்கள். இடம் தெரியாத கத்தி வெறும் இரும்பு. இடம் தெரிந்த கத்தி, நம் முன்னோர் எழுதாமல் விட்ட சரித்திரம்!