படகில் எந்தத் தீயணைப்பானை வைப்பது?

குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஒரு விசைப்படகில் ஏறிப் பாருங்கள். டீசல் டேங்க், சமையல் கேஸ், பேட்டரி, நைலான் வலை என்று எரியக்கூடிய அத்தனையும் சில அடி இடைவெளிக்குள் இருக்கும். படகின் பைபர் உடலே எரியக்கூடியதுதான். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஒதுங்க இடமில்லை, தீயணைப்பு வண்டியும் வராது. முதல் ஒரு நிமிடத்தில் படகில் இருப்பவர்களே அணைத்தாக வேண்டும்.

சுற்றிலும் தண்ணீர்தானே, தனியாக ஒரு கருவி எதற்கு என்று கேட்கலாம். வலை, கயிறு, மரம் எரிந்தால் கடல்நீரே நல்ல மருந்து. கயிறு கட்டிய வாளி ஒன்று எப்போதும் மேல்தளத்தில் இருக்கட்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் தீயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதால் தீயும் அதோடு படகெங்கும் பரவும். பேட்டரி, இன்வெர்ட்டர் வயர் எரியும்போதும் கடல்நீர் ஆகாது. உப்புநீரில் மின்சாரம் எளிதாகப் பாயும்.

தீயணைப்பானின் மேல் ஏ, பி, சி என்று எழுதியிருக்கிறதே, அது என்ன? எரியும் பொருளைப் பொறுத்த வகைப்பாடு அது. நம் நாட்டு முறைப்படி ஏ என்பது மரம், துணி, வலை போன்ற திடப்பொருள். பி என்பது பெட்ரோல், டீசல் போன்ற திரவம். சி என்பது சமையல் கேஸ் போன்ற வாயு. அமெரிக்கக் காணொளிகளில் சி என்றால் மின்சாரத் தீ என்பார்கள். அது அவர்கள் முறை, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அப்படியானால் படகுக்கு எது சரி? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஏபிசி உலர்பொடித் தீயணைப்பானை வாங்குங்கள். மூன்று வகைத் தீக்கும் அது உதவும். மின்கருவித் தீயிலும் பயன்படுத்தலாம். கடற்காற்றிலும் ஓரளவு குறி தவறாமல் போய்ச் சேரும்.

அதில் குறையே இல்லையா? இரண்டு உண்டு. பொடி நெருப்பை அணைக்குமே தவிர, சூட்டைத் தணிக்காது. வலையோ மரமோ எரிந்திருந்தால், தீ அணைந்த பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும், இல்லையேல் உள்ளே கனன்று மறுபடி பற்றும். அடுத்தது, படிந்த பொடி ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும். எஞ்சினிலும் வயரிலும் ஒட்டியதைத் தாமதிக்காமல் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு வகை பிசுக்கோ தூளோ விடாது. அதனால் எஞ்சினுக்கும், ஜிபிஎஸ், வயர்லெஸ் போன்ற கருவிகளுக்கும் ஏற்றது. திறந்த மேல்தளத்தில் அடித்தால் வாயுவைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மூடிய அறையில் அடித்தால் நெருப்போடு சேர்த்து மனிதனுக்கும் மூச்சு முட்டும், உயிரே போகலாம். உள்ளே ஆள் இல்லை என்று உறுதி செய்த பிறகே அடிக்க வேண்டும். அடிக்கும்போது வாய்க்குழல் உறைபனிபோல் குளிரும் என்பதால் கைப்பிடியை மட்டும் பிடியுங்கள்.

நுரை வகை எண்ணெய்த் தீக்கு நல்லது. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் மின்சாரம் ஓடும் இடத்தில் அடிக்கக் கூடாது. காருக்கென விற்கும் சிறு ஸ்பிரே டப்பாவை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். ஒரு டேங்க் தீக்கு அது காணாது.

எத்தனை வேண்டும், எவ்வளவு பெரியது வேண்டும்? வெளிப்பொருத்து எஞ்சின் (அவுட்போர்டு) உள்ள வள்ளத்துக்கு 2 கிலோ பொடி வகை ஒன்றாவது வேண்டும். பல நாள் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடல் விசைப்படகுக்கு மூன்று இருந்தால் நல்லது. கேபின் வாசலில் 6 கிலோ பொடி ஒன்று, சமையல் இடத்துக்கு அருகே 4 கிலோ பொடி ஒன்று, எஞ்சின் அறைக்கு 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஒன்று. படகுப் பதிவுக்கும் உரிமத்துக்கும் என்ன கேட்கிறார்கள் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்து, அதற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டுவது? பலரும் தவறுவது இங்கேதான். எஞ்சின் அறைத் தீயணைப்பானை எஞ்சின் அறைக்குள்ளேயே மாட்டினால், தேவைப்படும் நேரத்தில் அதை எடுக்கத் தீக்குள் இறங்க வேண்டியிருக்கும். எந்த இடத்துக்கான கருவியும் அந்த இடத்தின் வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும். வள்ளத்தில் எஞ்சினும் எண்ணெய்க் கேனும் பின்புறம் இருப்பதால், கருவியை நடுப்பகுதியில் வையுங்கள்.

எஞ்சின் அறையில் தீ வந்தால் முதலில் எஞ்சினை நிறுத்தி டீசல் வால்வை மூடுங்கள். என்னவென்று பார்க்க மூடியை முழுதாகத் திறக்காதீர்கள். உள்ளே பாயும் காற்று தீயை ஊதிப் பெரிதாக்கும். குழல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து அடித்துவிட்டு, மூடி, காத்திருங்கள். மூடியிலேயே ஒரு சிறு துளையும் அதற்கொரு அடைப்பும் முன்கூட்டிச் செய்து வைத்தால் இந்த வேலை எளிதாகும்.

சமையல் கேஸ் தீயில் பொடியை அடித்தால் போதுமா? போதாது. முதல் வேலை சிலிண்டர் வால்வை மூடுவது. வால்வை மூடாமல் சுடரை மட்டும் அணைத்தால் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனமானது, படகின் அடிப்பகுதியில் தேங்கி, ஒரு பொறி பட்டதும் வெடிக்கும். சிலிண்டரைக் காற்றோட்டமான மேல்தளத்தில் கட்டி வைக்கச் சொல்வது இதனால்தான். மீன் பொரிக்கும் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? ஐஎஸ்ஐ முத்திரையும், ஐஎஸ் 15683 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும். பொடி வகையில் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். தயாரித்த தேதியையும் பாருங்கள்.

வாங்கி மாட்டினால் முடிந்ததா? கடலில் அது பாதி வேலைதான். உப்புக்காற்று வால்வையும் ஊசியையும் துருப்பிடிக்க வைக்கும். எஞ்சின் அதிர்வில் உள்ளே பொடி அடியில் இறுகிக் கட்டியாகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், முள்ளைப் பாருங்கள், பொடி வகையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். கார்பன் டை ஆக்சைடு வகையில் அழுத்தமானி கிடையாது, எடை போட்டுத்தான் அறிய முடியும். வாயுவின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். பொடி வகையை ஒரு நொடி அடித்திருந்தாலும் நிரப்பக் கொடுத்துவிடுங்கள். மிச்ச அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும்.

தொழில் நாளில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்பீர்கள். தடைக்காலம் இருக்கிறதே. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கரையில்தான். பரிசோதனைக்கும் நிரப்பலுக்கும் அதுவே தோதான நேரம். அந்த நாட்களில் வெல்டிங் வேலையும் நடக்கும் என்பதால், கருவிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கடைக்கு அனுப்பாமல் ஒன்றையாவது படகில் வைத்திருங்கள்.

அடிக்கும் முறை எளிது. காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். ஊசியைப் பிடுங்கி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, சுடரின் உச்சியை விட்டுவிட்டு அடியைக் குறிவைத்துப் பக்கவாட்டில் வீசி அடியுங்கள். சிறிய கருவி பத்து, பதினைந்து விநாடியில் தீர்ந்துவிடும். முடிந்தால் படகைத் திருப்பி, புகையும் சுடரும் ஆட்களை விட்டு விலகிப் போகும்படி செய்யுங்கள்.

அடித்தும் அடங்கவில்லை என்றால்? லைஃப் ஜாக்கெட் போடுங்கள், வயர்லெஸில் 16ஆம் சேனலில் உதவி கேளுங்கள். போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழையுங்கள். தீ வளர்ந்த பிறகு கைக்கருவியால் ஒன்றும் ஆகாது. 2023 நவம்பர் 19 அன்று இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் பற்றிய தீ, அடுத்தடுத்துக் கட்டியிருந்த சுமார் 40 படகுகளைத் தின்றுவிட்டது. நம் துறைமுகங்களிலும் படகுகளை அப்படித்தான் கட்டுகிறோம். உங்கள் படகின் தீயணைப்பான் பக்கத்துப் படகுக்கும் காவல்.

கடைசியாக ஒரு யோசனை. பழைய தீயணைப்பானை நிரப்பக் கொடுப்பதற்கு முன் கடற்கரைக்கு எடுத்துப் போய், படகில் வரும் ஒவ்வொருவரையும் ஊசியைப் பிடுங்கி ஒரு தடவை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படியும் நிரப்பத்தான் போகிறீர்கள், இந்தப் பயிற்சிக்குத் தனிச் செலவு கிடையாது.