தெற்கு ஆப்பிரிக்காவின் மரபுவழி ஆட்சியில் பெண்கள்: பதிலாட்சியும் தன்னுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதிச் சமூகங்களில் பெண்கள் பட்டத்தில் அமர்ந்து ஆண்ட செய்தி புதியதன்று. எனினும், மகனுக்காகவோ மறைந்த கணவனின் இடத்திலோ ஆள்வதும், பிறப்புரிமையால் ஆள்வதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு எசுவாத்தினி (முன்னாள் சுவாசிலாந்து), லெசோத்தோ, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் வரலாற்றுச் சான்றுகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்காற்றை மாற்றும் உரிமை எவரிடம் உள்ளது என்பதே இச்சிக்கலின் மையம் என நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பதிலாட்சி, வழக்காற்றுச் சட்டம், மூத்த ஆண்வாரிசு முறை, லபோட்சிபேனி, மொஜாஜி, மொசாடி செபோக்கோ, வலோயி.

முன்னுரை

சுவானா மக்களிடையே இரண்டு பழமொழிகள் வழங்குகின்றன. பெண் கால்நடை முன்சென்றால் மந்தை பள்ளத்தில் விழும் என்கிறது ஒன்று. பிள்ளையைக் காக்கத் தாய் கத்தியைக் கூர்முனைப் பக்கமாகவே பற்றுவாள் என்கிறது மற்றொன்று. முன்னது பெண்ணின் தலைமையை மறுக்கிறது. பின்னது நெருக்கடியில் அவளது துணிவைப் போற்றுகிறது. இரண்டும் ஒரே சமூகத்தில் முரணின்றி வழங்குவதற்குக் காரணம் உண்டு. பெண்ணைத் தாயாக நிறுத்தும்போது சமூகம் அவளது ஆட்சியை ஏற்கிறது. தன்னுரிமை உடையவளாக அவள் வரும்போது தயங்குகிறது. தெற்கு ஆப்பிரிக்காவின் அரசுரிமை வரலாறு பெரும்பாலும் இத்தயக்கத்தின் வரலாறாகவே அமைகிறது.

1. மகனுக்காகக் காக்கப்பட்ட பட்டம்

சுவாசி அரசமைப்பில் அரசனுக்குச் சிங்கம் என்றும், அரசனின் தாய்க்குப் பெண்யானை என்றும் பொருள்படும் பட்டங்கள் உள்ளன. இருவரும் இணைந்து ஆள்வதே மரபு. அரசன் புனு 1899-இல் இறந்தபோது, அவனுடைய மகன் (பின்னாளில் இரண்டாம் சொபூசா) சில மாதக் குழந்தை. புனுவின் தாய் லபோட்சிபேனி பதிலாளுநராகி 1921 வரை ஆட்சி நடத்தினார்.

இக்காலத்தில் பிரித்தானிய நிர்வாகம் நிலப் பங்கீட்டை மேற்கொண்டது. 1907-ஆம் ஆண்டுப் பிரகடனத்தைத் தொடர்ந்த பங்கீட்டில், நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சுவாசி மக்களுக்கு எஞ்சியது. லபோட்சிபேனி இதற்கு இருவழிகளில் விடையளித்தார். சுரங்கங்களில் உழைத்த இளைஞர்களின் ஊதியத்திலிருந்து நிதி திரட்டி நிலத்தை மீட்டு வாங்க முற்பட்டார். ஜொம்போட்ஸேயில் பள்ளி நிறுவி, பேரனுக்குப் புதிய கல்விக்கு வழிசெய்தார். 1912-இல் தோன்றிய 'அபன்ட்டு-பாத்தோ' இதழுக்கும் பொருளுதவி நல்கினார். இவ்வளவு அதிகாரத்தைச் செலுத்தியபோதும் அவரது ஆட்சியின் நியாயம் 'அரசன் வளரும்வரை' என்ற எல்லைக்கு உட்பட்டே இருந்தது. 1921-இல் அவர் பொறுப்பைப் பேரனிடம் ஒப்படைத்தார்.

பட்லோக்கா மக்களை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்காலத்தில் வழிநடத்திய மந்தாட்டிசியும் மகன் செக்கொன்யெலாவின் பொருட்டே ஆண்டார். பங்வாக்கெட்ஸே மக்களை 1924 முதல் 1928 வரை ஆண்ட இன்ட்டெபொகாங்கும் பதிலாளுநரே.

2. மனைவிக்கு உண்டு, மகளுக்கு இல்லை: லெசோத்தோ

பசோத்தோ அரசன் சீசோ 1940-இல் மறைந்தபின், மூத்த மனைவி மான்ட்செபோ பதிலாளுநரானார். கணவனின் உடன்பிறந்தான் பெரெங், பெண் அப்பொறுப்பை ஏற்றலாகாது என்றும், விதவை கணவனின் தமையன் தம்பியரது பொறுப்பில் அடங்கவேண்டும் என்றும் உயர்நீதிமன்றத்தில் வாதிட்டார். நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. மான்ட்செபோ 1960 வரை ஆண்டார்.

இத்தகைய முன்னுதாரணம் இருந்தும், 1968-ஆம் ஆண்டு லெசோத்தோ தலைமைப்பட்டச் சட்டம் வாரிசுரிமையை மகன்களுக்கே வரையறுத்தது. ஆண்வாரிசு இல்லாவிடத்து மனைவி பட்டம் ஏற்கலாம், மகள் ஏற்கலாகாது. தலைவர் ஒருவரின் மகளான செனாட்டே மசூப்பா இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் 2013-இல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014-இல் அம்முடிவை உறுதிப்படுத்தியது. அவருடைய தாய், கணவனுக்குப்பின் அதே பட்டத்தில் இருந்தவர் என்பது கருதத்தக்கது.

தாய் ஆளலாம், மகள் ஆளலாகாது என்னும் இம்முரணின் விளக்கம் குலவழியில் உள்ளது. விதவை கணவனின் இடத்தில் நிற்கிறாள். பட்டம் அவன் குடியைவிட்டு அகல்வதில்லை. மகளோ மணமுடித்து வேறு குடிக்குச் செல்பவள். அவள் பிள்ளைகள் அக்குடிக்கு உரியர். ஆகவே பெண்ணின் ஆளும் திறன் பற்றிய ஐயத்தைவிடப் பட்டம் குடிமாறும் என்ற அச்சமே இங்கு வலுவானது. நெகிழ்ந்து இயங்கிய வழக்காறு எழுத்துச் சட்டமானபின் இறுகிவிடுவதையும் இது காட்டுகிறது.

3. பெண்வழி அரசு: லொபேடு

குலவழி பற்றிய அச்சத்திற்கு வேறொரு தீர்வைத் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்து லொபேடு மக்கள் கண்டனர். ஏறத்தாழ 1800 முதல் அங்கு மொஜாஜி என்ற பட்டப்பெயருடன் அரசியரே ஆண்டுவந்தனர். மழையைத் தருபவள் என்ற நம்பிக்கை அவர்களது அதிகாரத்தின் அடித்தளம். அரசி முறைப்படி கணவனை ஏற்பதில்லை. சிற்றூர்த் தலைவர்கள் அனுப்பும் பெண்களைத் தன் 'மனைவியராக' ஏற்றாள். அம்மணங்கள் அரண்மனைக்கும் ஊர்களுக்கும் இடையே அரசியல் பிணைப்பாக இயங்கின. அரசி பிறகுடிக்கு மணமாகிச் செல்லாததால் பட்டம் குடிமாறும் சிக்கல் அங்கு எழவில்லை.

ஆயினும் இம்மரபும் அசையாததன்று. ஆறாம் மொஜாஜி 2005-இல் மறைந்தபோது அவருடைய மகள் கைக்குழந்தை. தென்னாப்பிரிக்க அரசு 2016-இல் லொபேடு அரசியுரிமையை ஏற்றது. ஆனால் 2021-இல் அரச அவை மகளை விடுத்து மகனை முன்னிறுத்தியதால் பூசல் மூண்டது. பெண்ணாட்சி வேரூன்றிய இடத்திலும் அதனைக் கலைக்க வழக்காறே காரணமாகக் காட்டப்பட்டது.

4. தன்னுரிமைக் கோரிக்கை: பலேட்டே, வலோயி

போட்ஸ்வானாவின் ரமோட்ஸ்வா ஊரைத் தலைநகராகக் கொண்ட பலேட்டே மக்களின் தலைவர் மூன்றாம் மொக்கோசி 1966-இல் மறைந்தார். மூத்த மகள் மொசாடி செபோக்கோ இருந்தும் பட்டம் ஆண்வழியே சென்றது. 2001-இல் சகோதரர் மறைந்தபின் மொசாடி தம் உரிமையை முன்வைத்தார். 2002-இல் பலேட்டே மக்கள் ஊர்மன்றத்தில் அவரை ஏற்றனர். போட்ஸ்வானாவில் முதன்மைத் தலைமைப் பட்டத்தைத் தன்னுரிமையால் பெற்ற முதல் பெண் அவரே. சுவானா மொழியில் 'மொசாடி' என்றால் பெண் என்றே பொருள்.

வலோயி வழக்கு மேலும் நுட்பமானது. லிம்போப்போவில் வலோயி மக்களின் தலைவர் ஃபொஃபோசா 1968-இல் ஆண்வாரிசின்றி மறைந்தார். மகள் டின்யிக்கோ ஷிலுபானாவை விடுத்துத் தம்பி ரிச்சர்டு பட்டமேற்றார். நிறவெறி ஆட்சி முடிந்து புதிய அரசியலமைப்பு வந்தபின், 1990-களின் பிற்பகுதியில், அரச குடும்பமும் பழங்குடி அவையும் அடுத்த தலைவி ஷிலுபானாவே எனத் தீர்மானித்தன. 2001-இல் ரிச்சர்டு மறைந்ததும் அவருடைய மகன் வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் மகன் பக்கமே நின்றன. அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 ஜூனில் அம்முடிவை மாற்றியது.

இத்தீர்ப்பின் அடிப்படை கவனத்திற்குரியது. மூத்த ஆண்வாரிசு முறை எங்கும் செல்லாது என நீதிமன்றம் பொதுவிதி வகுக்கவில்லை. மாறாக, தம் வழக்காற்றை அரசியலமைப்புக்கு இயைய வளர்த்தெடுக்கும் அதிகாரம் மரபு அமைப்புகளுக்கே உண்டு என்றது. வழக்காறு என்பது கடந்தகாலத்தில் உறைந்த விதித்தொகுதியன்று. அதன்படி வாழும் மக்களின் கையில் இயங்குவது என்பதே இதன் சாரம். வலோயி அவை தீர்மானித்திராவிடில் ஷிலுபானாவின் நிலை என்னவாகியிருக்கும் என்ற வினா மட்டும் எஞ்சுகிறது.

முடிவுரை

மலாவியில் ஜாய்ஸ் பண்டா 2012-இலும், நமீபியாவில் நெட்டும்போ நாண்டி-இண்டைட்வா 2025-இலும் குடியரசுத் தலைவர்களாயினர். தேர்தல்வழிப் பதவியில் குடி, வாரிசு என்ற வினாக்கள் இல்லை. மரபுவழிப் பட்டத்தில் அவையே முதல் வினாக்கள். பதிலாட்சி பெண்ணின் ஆளும் திறனை நூற்றாண்டுகளாக மெய்ப்பித்தும் அவளுக்கு உரிமையைத் தரவில்லை. பலேட்டே, வலோயி சமூகங்களில் மக்கள்மன்றமும் மரபு அவையும் வழக்காற்றைத் தாமே திருத்தியபோது உரிமை கிடைத்தது. லெசோத்தோவில் வழக்காறு சட்டப்பிரிவாக இறுகியபோது கதவு மூடியது. லொபேடு பூசலோ, திருத்தும் அதிகாரம் பெண்ணுக்கு எதிராகவும் திரும்பலாம் என எச்சரிக்கிறது. எனவே வழக்காற்றை வளர்க்கும் அதிகாரம் மரபு அவைகளிடம் இருந்தால் மட்டும் போதாது. அவ்வவைகளில் பெண்களின் குரலும் ஒலிக்க வேண்டும்.