சாக்பீஸ் வட்டத்துக்குள் ஒரு பகல்

டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோவைப் பற்றி ஒரு விஷயம் சொல்வார்கள். ஆலைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, பொறியாளரை அதற்குள் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அவருக்கு வேலை, பார்ப்பது மட்டும். பல மணி நேரம் கழித்து வந்து, என்ன பார்த்தாய் என்று கேட்பார். பதில் போதவில்லையென்றால் இன்னும் நிற்கவேண்டியதுதான்.

முதலில் எல்லோரும் மும்முரமாக உழைப்பதுதான் கண்ணில் படும். நின்று பார்க்கப் பார்க்கத்தான், ஒருவர் ஒவ்வொரு முறையும் ஸ்பேனருக்காக எட்டிப்போய் வருவதும், இன்னொருவர் மிஷின் முடிக்கும்வரை சும்மா நிற்பதும் தெரியவரும். இப்படிப்பட்ட வீணடிப்புகளை ஓனோ ஏழாக வகுத்தார். அவற்றில் மோசமானது தேவைக்கு மேல் செய்து குவிப்பது என்றார். பாகங்கள் மலைபோல் கிடந்தால் மிஷின் பழுதானாலும் வேலை நிற்காது. பழுதை யாரும் தேடவும் மாட்டார்கள்.

கண்டதோடு விடக்கூடாது, ஐந்து முறை 'ஏன்' கேட்கவேண்டும் என்பது அவர் விதி. 1978இல் வந்த தன் நூலில் அவரே ஓர் உதாரணம் தருகிறார். மிஷின் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்கில் போதிய எண்ணெய் இல்லை. ஏன்? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே புகுந்தது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் மறுபடி நின்றிருக்கும்.

இந்த ஐந்து பதில்களில் ஒன்றிலாவது ஆள் பெயர் இருக்கிறதா? பல அலுவலகங்களில் 'ஏன்' என்று தொடங்கும் விசாரணை, இரண்டாம் கேள்விக்குள் 'யார்' என்று திரும்பிவிடும். அதன்பின் யாரும் வாய் திறப்பதில்லை. டொயோட்டா முறையிலிருந்து வளர்ந்த 'லீன்' என்ற நிர்வாக முறையை, சுவரில் வண்ணச் சீட்டு ஒட்டுவது மட்டுமே என்று நினைக்கும் நிறுவனங்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஆளைக் குறை சொல்லாத பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் ஆலையே சாட்சி. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது; தரக்குறைவுக்கும் தொழிலாளர் தகராறுக்கும் பேர்போன ஆலை. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக மறுபடி திறந்தபோது பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே சேர்த்தார்கள். கார்களின் தரம் சீக்கிரமே உயர்ந்தது. மாறியதில் முக்கியமானது தலைக்கு மேல் ஓடிய ஒரு கயிறு. கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். இழுத்தவர் மேல் குற்றம் கிடையாது.