பெரிய வீல், தாழ்ந்த கார்: ஒரு கணக்கு

சாயங்கால நேரத்தில் பைபாஸ் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆக்டேவியா, கொரோலா போன்ற பெரிய செடான் கார்களில் ஒன்றிரண்டாவது பளபளக்கும் பெரிய அலாய் வீலோடு, தரையில் படுத்தது போலப் போகும். பார்க்க அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு டிப்ளமோ முடித்து ஒர்க்ஷாப்பில் நிற்கும்போது, "தம்பி, வண்டியக் கொஞ்சம் இறக்கிக் குடு" என்று சாவியை நீட்டுவது நம்மிடம்தான். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வீல். டயரின் பக்கத்தில் 205/55 ஆர் 16 என்று எழுதியிருக்கும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் சுமார் 113 மி.மீ., டயரின் முழு விட்டம் 632 மி.மீ. இதையே 18 அங்குலத்துக்கு மாற்றுகிறவர்கள் 225/40 ஆர் 18 போடுவார்கள். அதன் முழு விட்டம் 637 மி.மீ. ஐந்து மி.மீ.தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் அதிகம் பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் 113-லிருந்து 90 ஆகிவிட்டது. 23 மி.மீ. ரப்பரையும் காற்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அலுமினியத்தை வைத்திருக்கிறோம். பள்ளத்தில் இறங்கினால் ரிம் நெளிவதும், டயர் பக்கவாட்டில் கொப்புளம் போல வீங்குவதும் இதனால்தான். நம் திருமங்கலம் பக்கம் கரிசல் மண். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும் மண் மேல் போட்ட ரோடு எத்தனை நாள் சமமாக இருக்கும்?

பள்ளம் மேட்டைத் தாங்க ஒரு காரில் இரண்டே பேர்தான். ஒன்று டயரின் பக்கச்சுவர், இன்னொன்று ஸ்பிரிங் மேலும் கீழும் போய் வரும் தூரம். பெரிய வீல் முதல் ஆளின் கையைக் கட்டுகிறது. காரைத் தாழ்த்துவது இரண்டாவது ஆளின் கையையும் கட்டிவிடுகிறது. இரண்டையும் ஒரே காரில் சேர்த்துச் செய்வதுதான் வில்லங்கம்.

என் மாமா இருபது வருஷமாகப் பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான் என்பதால் சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வரும். ஒரு நாள் கேட்டார்: "மாப்ள, ஸ்பிரிங்குல ஒரு சுத்து வெட்டினா ஒரு சுத்து உயரம் இறங்கணும்ல? ஏன் பாதிதான் இறங்குது?" அருமையான கேள்வி! விடை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஸ்பிரிங் சூத்திரத்தில் சுற்றுகளின் எண்ணிக்கை வகுக்கும் இடத்தில் வருகிறது. சுற்று குறைந்தால் விறைப்பு கூடும்.

உதாரணமாக 6 சுற்று உள்ள ஒரு ஸ்பிரிங், மி.மீ.க்கு 25 நியூட்டன் விறைப்பு. அதன் மேல் 3,000 நியூட்டன் பாரம் என்றால் 120 மி.மீ. அமுங்கும். ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு 30 ஆகிவிடும், அதே பாரத்துக்கு 100 மி.மீ.தான் அமுங்கும். வெட்டிய சுற்றின் உயரம் 45 மி.மீ. என்றால், அதில் 20 திரும்பி வந்துவிடுகிறது. கார் இறங்குவது 25 மி.மீ. மட்டுமே. மாமா கண்ணால் பார்த்தது சரியே.

25 மி.மீ. தானே என்று நினைக்க வேண்டாம். தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் 150 மி.மீ. இடைவெளி இருந்தது என்று வையுங்கள். இப்போது 125. ஐந்து பேர், சாமான் எல்லாம் சேர்த்து 350 கிலோ ஏறினால் நாலு ஸ்பிரிங்கும் இன்னும் சுமார் 30 மி.மீ. அமுங்கும். மிச்சம் 95. இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். சக்கரங்களுக்கு இடையே 2.7 மீட்டர் உள்ள கார் அதன் உச்சியில் நிற்கும்போது, முன் பின் சக்கரங்களும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும். அதனால் அடியில் தேவைப்படுவது சுமார் 54 மி.மீ.தான். தாராளமாகத் தாண்டிவிடும். ஆனால் ஊர்க்காரர்களே சிமெண்டைக் கொட்டிக் கட்டும் வேகத்தடை அரை மீட்டர் அகலம்கூட இருக்காது. அங்கே முழு 100 மி.மீ. வேண்டும். நம்மிடம் 95! எண்ணெய்த் தொட்டி உரசும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

வெட்டுவதிலும் மோசமானது கேஸ் வைத்துச் சுட்டு இறக்குவது. ஸ்பிரிங் எஃகுக்குக் கொடுத்த பதம் செக்கச்செவேலென்று சுட்டதும் போய்விடும், பிறகு நாளுக்கு நாள் தானாகவே தொய்யும். வெட்டிய ஸ்பிரிங்கில் வேறு ஆபத்து. ஜாக்கியில் தூக்கினாலோ, சக்கரம் பள்ளத்தில் தொங்கினாலோ அது இருக்கையை விட்டு நகரலாம். சக்கரத்தின் சாய்வும் மாறுவதால் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள் ஓரம் தேய்ந்து போகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"நான் முடியாதுன்னா அடுத்த கடைக்குப் போயிருவான், கூலி போச்சே" என்றார் மாமா. நியாயமான கவலைதான். நான் சொன்ன வழி இது. அந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் பெரிய வீல் எது என்று கையேட்டில் பாருங்கள். 16-க்குப் பதில் 17 இருந்தால் அதைப் போட்டுக் கொடுங்கள். 225/45 ஆர் 17-இல் பக்கச்சுவர் 101 மி.மீ. மிஞ்சும். லோடு இன்டெக்ஸ் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். போல்ட் வட்டத்தையும் அளந்து பாருங்கள். ஆக்டேவியாவுக்கு 112 மி.மீ., இன்னும் பல கார்களுக்கு 114.3. கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும். அடித்துத் திருகி மாட்டியும் விடலாம், ஆனால் போல்ட் சரியாக உட்காராது. ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்க வேண்டாம்.