பீப்பாயும் கடற்படையும்

ஒவ்வொரு நாட்டு மக்களும் தத்தம் நிலத்தில் எளிதிற் கிடைக்கும் பொருளைக்கொண்டே கலங்களை ஆக்கிக்கொண்டனர். கொல்லிமலை போன்ற மலைநிலங்களில் மூங்கில் உதவிற்று. மலைவாணர் மூங்கிற் குழாயில் தேறலை நிறைத்து வைத்த செய்தியைச் சங்க நூல்களிற் காணலாம். சமவெளியில் மண் உதவிற்று. குடமும் தாழியும் பிறந்தன. ஓக் மரங்கள் மிகுந்த ஐரோப்பாவிலோ பீப்பாய் பெருவழக்குப் பெற்றது. பீப்பாய் என்னும் சொல்லே போர்த்துகீசிய மொழியினின்று தமிழுக்கு வந்ததாகும்.

அலைகளால் ஆடும் மரக்கலத்தில் மட்குடம் உடைந்துவிடும். பீப்பாயோ உடையாது, உருட்டிச் செல்லவும் எளிது. ஆகவே குடிநீர், உப்பிட்ட இறைச்சி, மாவு, பட்டாணி, வெடிமருந்து ஆகிய யாவும் பீப்பாய்களிலேயே கப்பலேறின. பழைய ஆங்கிலக் கடற்படையில் ஒரு மாலுமிக்கு நாள்தோறும் ஒரு காலன், அஃதாவது நாலரை லிட்டர், பியர் என்னும் பானம் அளிக்கப்பெற்றது. எண்ணூறு பேர் செல்லும் போர்க்கப்பலுக்கு ஒரு திங்களுக்கு 24,000 காலன் வேண்டும். எனின், ஒரு கடற்படைக்கு எத்துணைப் பீப்பாய்கள் வேண்டியிருந்திருக்கும்!

பீப்பாய் செய்தல் அரியதொரு தொழில். ஓக் மரத்தை நார் ஓடும் வழியே பிளந்து பலகைகளாக்குவர். அவற்றை வெளியில் அடுக்கி, நெடுங்காலம் காற்றில் உலரவிடுவர். பின்னர் ஒவ்வொரு பலகையையும் நடுவில் அகன்றும் இரு முனைகளில் ஒடுங்கியும் இருக்குமாறு செதுக்கி, விளிம்புகளைச் சாய்வாக இழைப்பர். அவற்றை ஒரு வளையத்துள் வட்டமாக நிறுத்தி, நீர் தெளித்து, உள்ளே தீ மூட்டுவர். வெம்மையால் இளகிய பலகைகளை வளைத்து, இருப்புப் பட்டைகளை அறைந்து இறுக்குவர். இறுதியாக இரு முனைகளிலும் உட்புறம் பள்ளம் தோண்டி, மூடிகளைப் பொருத்துவர். பலகைகளை இணைக்க ஆணியும் இல்லை, பசையும் இல்லை. நீர் ஊறியதும் மரம் பருத்து இடைவெளிகளைத் தானே அடைத்துக்கொள்ளும்.

பலகை உலராவிடின் நேரும் கேட்டை வரலாறு காட்டுகின்றது. 1587 ஆம் ஆண்டு ஆங்கிலக் கப்பற்றலைவர் டிரேக், போர்ச்சுகல் கரையோரமாகச் சென்ற கலங்களைப் பிடித்து, அவற்றில் இருந்த பீப்பாய்ப் பலகைகளைத் தீக்கிரையாக்கினார். அவை ஸ்பெயின் நாட்டுப் பெரும்படைக்கு உரியவை. ஸ்பானியர் ஈரம் உலராத பலகைகளால் வேறு பீப்பாய்கள் செய்ய நேர்ந்தது. மறு ஆண்டு ஏறத்தாழ 130 கப்பல்கள் புறப்பட்டன. நீர் ஒழுகிற்று, உணவு அழுகிற்று. பகைவரைக் காணுமுன்னரே அப்படை கொருன்னாத் துறைமுகத்தில் ஒதுங்கிற்று. போரும் புயலும் பின்னர் அதனை அழித்தன எனினும், ஈரப் பலகையும் அதன் வலிமையைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய பொருள்களை ஓரிடத்திலேயே ஆக்கும்பொருட்டு, இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ராயல் வில்லியம் யார்டு என்னும் பெருங்கூடம் எழுந்தது. சர் ஜான் ரென்னி என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி 1826 முதல் 1835 வரை அது கட்டப்பெற்றது. ஏறத்தாழ 16 ஏக்கர் பரப்பில் மாவாலையும் அடுமனையும் இறைச்சிக்கூடமும் அமைந்தன. அவற்றோடு பீப்பாய் செய்யும் பட்டறையும் அமைந்தது. கப்பல்கள் நேரே வந்து பொருள்களை ஏற்றிக்கொள்ளத் துறையும் இருந்தது.

காலம் மாறிற்று. குடிநீரை இரும்புத் தொட்டிகள் ஏற்றன. உணவைத் தகரக் குப்பிகள் காத்தன. 1831 இல் பியர் வழங்குதலும் நின்றது. பீப்பாயின் தேவை படிப்படியாகக் குறைந்தது. 1992 இல் கடற்படை அவ்விடத்தை விட்டு நீங்கியது. இன்று அக்கற்கட்டடங்கள் குடியிருப்புகளாகவும் உணவு விடுதிகளாகவும் விளங்குகின்றன.

போரில் வென்ற தலைவர்களின் பெயர்கள் நூல்களில் நிலைபெற்றன. பலகை உலரும்வரை பொறுத்திருந்து, பழுதின்றிப் பீப்பாய் செய்த தொழிலாளரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்தன. ஆயினும் அத்தலைவர்கள் கடல் கடந்தது இத்தொழிலாளரின் கைத்திறனை நம்பியே ஆகும்.