வேர்சாய் அரண்மனையில் ஒரு பகல்

பாரிசு மாநகரிலே என் மனைவியின் தம்பி இல்லத்தில் நாங்கள் தங்கியிருந்த காலத்தில், ஒரு பகலை எங்களுக்கென ஒதுக்கி, வேர்சாய் அரண்மனையைக் கண்டு வருவதென முடிவு செய்தோம். மணமாகி இருபத்தெட்டு ஆண்டுகளில் நாங்கள் இருவர் மட்டுமாக ஓரிடம் பார்க்கப் புறப்பட்டது அதுவே முதன்முறை. பிள்ளைகள், பரீட்சை விடைத்தாள்கள், கோயில் திருவிழா, கலியாண வீடு, செத்தவீடு என்று காலம் போய்விட்டது. மைத்துனன் துணைக்கு வருவதாகச் சொன்னான். "வேண்டாம் தம்பி, அத்தான் புத்தகம் பார்த்து வழி சொல்லுவார்" என்றாள் அவள். அதிலே புகழ்ச்சி எத்துணை, கேலி எத்துணை என்பதை இன்றுவரை நான் அறியேன்.

பாரிசிலிருந்து புகையிரதத்திற் சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் வேர்சாய் வந்துவிடுகிறது. (புகையே கக்காத மின்சார வண்டியையும் புகையிரதம் என்றே எழுதுகிறோம். மாற்றுச் சொல் காண்பார் காண்க.) நிலையத்திலிருந்து சிறிது நடந்து வீதி திரும்பியதும், பொன்முலாம் பூசிய வாயிற்கதவும் அதன் பின்னே விரிந்த முற்றமும் தோன்றின. 1623ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் லூயி மன்னன் வேட்டையாட வந்தால் இராத்தங்குவதற்கென ஒரு சிறு மனையை இங்கே எழுப்பினான். அவன் மகன் பதினான்காம் லூயி, தன்னைச் சூரியனோடு ஒப்பிட்டு மகிழ்ந்தவன், அச்சிறு மனையைச் சுற்றிச் சுற்றி வளர்த்து, 1682இல் அரசவையையும் ஆட்சியையும் இங்கேயே கொண்டுவந்து வைத்தான். நல்ல காட்சியில்லை, காடில்லை, நீரில்லை என்று சான் சீமோன் கோமகன் இவ்விடத்தைப் பழித்து எழுதியிருக்கிறான். மற்றவை எப்படியாயினும் நீரில்லை என்றது மெய்.

உள்ளே சனத்திரள் எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று. எர்க்குலிசு மண்டபத்தில் மட்டும் நான் சற்றே நின்றேன். மைசூர்த் திப்பு சுல்தானின் தூதர் மூவர், புதுச்சேரியிற் கப்பலேறி வந்து, 1788 ஆகத்து 10ஆம் நாள் பதினாறாம் லூயியை இங்கே கண்டு படைத்துணை வேண்டினர். அவன் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அவனே இவ்வரண்மனையைவிட்டுக் குடும்பத்தோடு வெளியேற நேர்ந்தது. கண்ணாடி மண்டபம் 73 மீற்றர் நீளமுடையது. பதினேழு சாளரங்களுக்கு எதிரே பதினேழு வளைவுகளில் 357 கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். முதல் உலகப் போரை முடித்த உடன்படிக்கை 1919 யூன் 28இல் ஒப்பமானது இங்கேதான். ஆயினும் அன்று அங்கு நின்றோர் கண்ணாடியையும் பார்க்கவில்லை, கூரையில் லெபிரன் தீட்டுவித்த ஓவியங்களையும் பார்க்கவில்லை. உயர்த்திய கைத்தொலைபேசியில் தம் முகத்தையே பார்த்தனர். "மூச்சு முட்டுது, வெளியிலை போவம்" என்றாள் மனைவி. புத்தகத்தில் இன்னும் பதினொரு பக்கம் மிச்சமிருந்தது. மூடிவைத்தேன்.

லெ நோத்திரு என்னும் தோட்டக்கலைஞன் அமைத்த பூங்கா படிப்படியாக இறங்கிச் செல்கிறது. கீழே இறங்கியதும் இலத்தோனா தேவியின் தடாகம். உச்சியிலே இரு குழந்தைகளை அணைத்தபடி ஒரு சலவைக்கற் பெண். அடுக்கடுக்காகக் கீழே பொன்னிறத் தவளைகள். அவற்றுட் சில இன்னும் பாதி மனிதராக, கையை நீட்டி வாயைப் பிளந்தபடி. நாங்கள் போனபோது நீர்த்தாரை ஒன்றும் எழவில்லை.

"இஞ்சேருங்கோ, உந்தத் தவளையள் என்ன பாவம் செய்ததுகள்?" என்று கேட்டாள்.

ஒவிட் என்னும் உரோமப் புலவன் பாடிய கதையைச் சொன்னேன். கைக்குழந்தைகளோடு வெயிலில் அலைந்துவந்த இலத்தோனா, லீசியா நாட்டிலே ஒரு குளத்தைக் கண்டு தாகந்தீர்க்கக் குனிந்தாள். அங்கே கோரை அறுத்துக்கொண்டிருந்த குடியானவர் அவளைத் தடுத்ததோடு அமையாது, குளத்திலிறங்கிக் காலாற் சேற்றைக் கலக்கினர். என்றென்றும் அந்நீரிலேயே கிடவுங்கள் என்று அவள் சபிக்க, அவர்கள் தவளைகளாயினர். அக்குழந்தைகளுள் ஒருவனே சூரியதேவன் அப்பொல்லோ. ஆகவே இது சூரிய மன்னனுக்கு உகந்த கதையாயிற்று.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "தண்ணி குடாமல் விட்டதுக்கே இவ்வளவும்? அப்ப எங்கட கிணத்தடியிலை நிண்ட நாங்கள் எல்லாரும் என்னவாகியிருக்க வேணும்?" என்றாள்.

அவள் பிறந்த வீட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுண்டு. சாதியிற் குறைந்தோர் என்று ஒதுக்கப்பட்ட குடிகளின் பெண்கள் குடத்தோடு வந்து வேலிக்கு வெளியே நிற்பர். வீட்டார் யாரேனும் மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை காத்திருப்பர். சிறுமியாயிருந்த இவள் ஒருநாள் தானே அள்ளி ஊற்றப்போய்த் தகப்பனாரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். இத்தனை ஆண்டுகளில் எனக்கு இதைச் சொன்னதில்லை. நானும் என் கதையைச் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக் கிணறும் அத்தகையதே. அங்கே வேலிக்கு வெளியே நின்ற ஒருத்தியின் மகன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். வெண்பாவுக்குத் தளை பிரிப்பதில் என்னிலும் வல்லவன். அவன் தாயின் குடத்துக்கு ஒரு வாளி நீர் ஊற்ற எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பிற்காலத்தில் தண்ணீர்ப் பந்தல் அறத்தின் சிறப்பை எத்தனையோ மேடைகளில் விரித்துப் பேசியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

அவ்வேளை எங்கிருந்தோ இசை எழுந்தது. தடாகமெங்கும் நீர் சீறிப் பாய்ந்தது. தண்ணீர் மறுத்தவர்களின் வாயிலிருந்தே தண்ணீர். குழந்தைகள் ஆரவாரித்தன. அவள் மட்டும் முன்போலவே நின்றாள்.

பெருங்கால்வாய்க்கு அப்பாலுள்ள புற்றரையில் அமர்ந்து, மைத்துனன் மனைவி கட்டித் தந்த தோசையைப் பிரித்தோம். "நீரில்லாத இடம் எண்டியள். இவ்வளவு தண்ணியும் எங்கையிருந்து வந்தது?" என்றாள். மூடிவைத்த புத்தகத்துக்கு அப்போது வேலை வந்தது.

சேன் நதியின் நீரை 150 மீற்றருக்கும் மேலாக ஏற்றுவதற்கு மார்லி என்னுமிடத்தில் ஒரு பொறி அமைத்தார்கள். 1684இல் அது இயங்கத் தொடங்கியது. ஆற்றின் ஓட்டமே பதினான்கு பெருஞ் சக்கரங்களைச் சுழற்ற, அவை இருநூறுக்கு மேற்பட்ட பம்பிகளை இயக்கி, அவ்வாற்று நீரையே மேட்டுக்குத் தள்ளின. அதுவும் போதவில்லை. அடுத்த ஆண்டில் ஏர் நதியையே திருப்பிக் கொணர முற்பட்டு, ஏறத்தாழ 30,000 போர்வீரரை மண்வெட்டச் செய்தனர். சதுப்பு நிலத்துக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1688இல் போர் மூண்டதும் வேலை நின்றது. மெந்தனோன் என்னும் ஊரில் அதன் வளைவுகள் முடிவுறாத நிலையில் இன்றும் நிற்கின்றன. வேர்சாய்க்கு ஒரு துளியும் வந்து சேரவில்லை. எல்லா ஊற்றுகளையும் ஒருங்கே பாயவிட நீரில்லாமையால், மன்னன் நடந்து வரும் வழியில் ஆள் நிறுத்திச் சீழ்க்கையடிக்கச் செய்து, அவன் அணுகும்போது திறந்து, அகன்றதும் மூடினராம். இன்றும் குறித்த நாள்களிற் குறித்த நேரத்துக்கே ஊற்றுகள் பாய்கின்றன. பாய்ந்த நீரே திரும்பத் திரும்பச் சுழல்கிறது.

"விசில் சத்தத்துக்குத் தண்ணி" என்று சிரித்தாள். அன்று அவள் முதன்முறை சிரித்தது அப்போதுதான்.

திரியனோன் மாளிகைகளையும் மரீ அந்துவானெத்து அரசி கட்டுவித்த சிற்றூரையும் காணவில்லை. அவளுக்கு முழங்கால் நோ. வண்டியில் திரும்பும்போது, அந்தப் பொறியைச் செய்தவன் யார் என்று கேட்டாள். இரெனெக்கன் சுவாலெம் என்ற தச்சன்; லியேசு நாட்டிலிருந்து வந்தவன்; எழுத்தறியாதவன். பேரும் புகழும் ஆர்னோல் த வீல் என்ற கனவானையே சேர்ந்தன. 1708இல் தச்சன் இறந்தபின், அவனே அப்பொறியைத் தனித்து ஆக்கியவன் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அக்கல் பூசிவால் என்னும் ஊரிலே இருக்கிறது.

"பெண்சாதியின்ரை பேரும் அதிலை இருக்கோ?"

புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. மரீ நுவெல், அவனுக்கு ஆறாண்டின் பின் எண்பத்துநான்கு வயதில் இறந்தவள்.

"நல்லது" என்று சொல்லிச் சாளரத்திற் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சேன் நதி சிறிது தூரம் எங்களோடு கூடவே வந்தது.