இடுப்புக்கு அளவெடுத்து ஒரு படகு!

சட்டைக்கு அளவு எடுப்போம். ஜாக்கெட்டுக்கு எடுப்போம். படகுக்கு யாராவது உடம்பை அளவெடுப்பார்களா? எடுப்பார்கள்... அது 'கயாக்'காக இருந்தால்!

நம்ம ஊர் கட்டுமரத்தில் ஆள் மேலே உட்காருவார். கயாக்கில் இடுப்பு வரைக்கும் உள்ளே இறங்கி, கால்களை முன்னால் நீட்டி உட்கார வேண்டும். ஏறக்குறைய பேன்ட் மாதிரி படகையே மாட்டிக்கொள்கிற சமாசாரம்! அப்படி உட்காரும் குழிக்குத்தான் 'காக்பிட்' என்று பெயர்.

கிரீன்லாந்தில் வாழும் இன்யூட் மக்கள் சீல் வேட்டைக்காகக் கட்டிய படகு இது. கடலில் மிதந்து வந்த மரத்தில் சட்டம் செய்வார்கள். அதன்மேல் போர்த்தும் சீல் தோலைத் தைப்பது பெண்கள் வேலை. அளவுகோல்? ஓட்டப் போகிறவரின் உடம்புதான். இரண்டு கைகளையும் விரித்த நீளத்தைப் போல மூன்று மடங்கு நீளம். இடுப்பகலத்தோடு இரண்டு முஷ்டி சேர்த்த அகலம். முஷ்டியை மூடிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் வருகிற அளவு ஆழம். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலர் வீட்டு கார் ஷெட்டிலேயே மரக் கயாக் கட்டுகிறார்கள். நாலு மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் 'தைத்து', எபாக்ஸி பசையும் ஃபைபர் கிளாஸ் துணியும் போட்டு ஒட்டுகிற முறை ரொம்பப் பிரபலம். இரண்டு மூன்று மாதம் இழைத்து, வார்னிஷ் அடித்து, பளபளவென்று படகு தயாராகிவிடும். தண்ணீரில் இறக்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது... "ஐயோ, கால் மரத்துப்போச்சு!"

ஏன் மரத்துப் போகிறது?

ஒரு சின்ன சோதனை. தரையில் கால்களை நேராக நீட்டி, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். கொஞ்ச நேரத்திலேயே தொடையின் பின்பக்கம் 'சுர்'ரென்று இழுக்கிறதா? அந்தப் பின்தொடைத் தசை இறுகியிருந்தால் இடுப்பெலும்பைப் பின்பக்கமாகச் சாய்த்துவிடும். உடனே கீழ்முதுகு கூன் போடும். முதுகுவலிக்கு இதுவே போதும்.

அடுத்தது சயாட்டிக் நரம்பு. பிட்டத்தின் வழியாக வந்து, தொடையின் பின்பக்கம் இறங்கும் பெரிய நரம்பு. ஸீட்டின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தினாலும், உடம்பின் பாரமெல்லாம் பிட்டத்தில் ஒரே இடத்தில் இறங்கினாலும் கால் மரத்துவிடும்.

கவனிக்க வேண்டிய நான்கு இடங்கள்

ஸீட்: படகின் அடித்தளத்திலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம். உயர உயரப் படகு ஆட்டம் காணும். ஸீட்டின் முன்பக்கத்தைச் சற்றே தூக்கி, விளிம்பை மழுங்கடித்து, தொடைக்கும் தாங்கல் கொடுங்கள். பாரம் பரவலாக இறங்கும்.

பாதம்: முன்பாதம் கால்தாங்கியில் பதிய வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தாங்கி தள்ளிப் போனால் உடம்பு முன்னால் சரிந்து முதுகு வளையும். ரொம்பக் கிட்டே இருந்தால் கெண்டைக்காலில் பிடிப்பு. படகில் போடும் ஷூவோடு பாதம் நிற்கும் உயரத்தை, கட்டத் தொடங்கும் முன்பே அளந்து கொள்ளுங்கள். மேல்தளத்தை ஒட்டிய பிறகு பெரிதாக்குவது பெரும்பாடு!

முதுகு: ஈஸிசேர் மாதிரி உயரமான சாய்மானம் வேண்டாம். கீழ்முதுகைத் தாங்கும் அகலமான பட்டை போதும். துடுப்புப் போடும்போது உடம்பு இடமும் வலமும் திரும்பவேண்டுமே! கவிழ்ந்தபின் மறுபடி ஏறும்போதும் உயரமான சாய்மானம் இடிக்கும்.

இடுப்பும் தொடையும்: இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு உள்ளங்கை தட்டையாக நுழையும் இடைவெளி இருந்தால் சரி. தொடையின் மேல்பக்கம், மேல்தளத்தின் அடியில் வேண்டும்போது மட்டும் அழுத்த முடிய வேண்டும், எப்போதும் உரசக்கூடாது. மெத்தைக்குத் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம்தான் போடவேண்டும். சாதாரண ஸ்பாஞ்ச் ஊறிப்போய்த் தோலைப் புண்ணாக்கிவிடும்.

ஃபோம் துண்டுகளை எடுத்த எடுப்பில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் தற்காலிகமாகப் பொருத்தி, நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். எங்கே உறுத்துகிறது என்று உடம்பே சொல்லும். செதுக்கிச் சரிசெய்த பிறகு நிரந்தரமாக ஒட்டலாம். மனைவியோ மகனோ அதே படகை ஓட்டுவதாக இருந்தால், இடுப்பு ஃபோமைக் கழற்றி மாட்டும்படி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இறுக்கம் ஆபத்து!

"நல்லா இறுக்கமா இருந்தாத்தானே படகு சொன்னபடி கேட்கும்?" என்பார்கள். பாதி உண்மை. கயாக் கவிழ்ந்தால் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குவீர்கள். அந்த நிமிஷத்தில் இரண்டு கால்களும் தடையில்லாமல் உருவிக்கொண்டு வெளியே வரவேண்டும். மரத்துப்போன கால் ஒத்துழைக்காது! ஆகவே புதுக் காக்பிட்டுக்கு முதல் பரீட்சை இதுதான்: இடுப்பளவு ஆழத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டு, பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவரை நிறுத்தி, வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வந்து பழகுங்கள். காக்பிட்டை மூடும் துணி மாட்டியிருந்தால், அதை இழுத்துக் கழற்றும் வளையம் வெளியே தொங்கவேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் வம்பு.

ஜெர்மன் டாக்டர் ஹான்னஸ் லிண்டெமன் 1956-ல் மடக்கும் கயாக் ஒன்றில் தன்னந்தனியாக அட்லாண்டிக் கடலைக் கடந்தார். 72 நாட்கள்! அதற்கென்றே மனதைப் பழக்கும் பயிற்சிகள் செய்துவிட்டுக் கிளம்பியவர் அவர். நமக்கு அந்த வீரம் வேண்டாம். மணிக்கொரு தடவை கரை ஏறி, கால் உதறி, நாலடி நடந்தாலே போதும். தினமும் பின்தொடைத் தசைக்கு நீட்டல் பயிற்சி செய்தால் இன்னும் நல்லது.

கட்டும்போதும் ஜாக்கிரதை தேவை. காயாத எபாக்ஸி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அலர்ஜி வரலாம். ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலே கொப்பளிக்கும். கைக்கு நைட்ரைல் கையுறை, உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்குக்கு மாஸ்க் - இரண்டும் கட்டாயம்.

எச்சரிக்கை ஒன்று. படகிலிருந்து எழுந்து நடந்த பிறகும் மரத்தல் போகவில்லையா? காலில் பலம் குறைகிறதா? சிறுநீரை அடக்க முடியவில்லையா? அப்போது ஃபோமைக் குறை சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள். படகைப் பிறகு செதுக்கிக்கொள்ளலாம்!